பன்னிரண்டரை மணி அறிவிப்பு

மதியம் பன்னிரண்டரை ஆனால் பெலோ தீவில் சத்தம் அடங்கிவிடும். மீன் சந்தையில் ஓங்கிய கத்தி கீழே இறங்காது. ரம் கடையில் டொமினோக் கட்டையை மேசை அதிர அடிக்கிறவர்கள்கூட அந்தக் கால்மணி நேரம் மெல்ல வைப்பார்கள். மினி பஸ்காரர்கள் பாட்டை நிறுத்திவிட்டு ரேடியோவைத் திருகுவார்கள். இறங்கவேண்டிய இடம் வந்த பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. பெலிகன் ரேடியோவில் டெல்சி குவாஷி மரண அறிவிப்பு வாசிக்கும் நேரம் அது.

மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்கிற தீவில் தினமும் யார் சாகிறார்கள் என்று கேட்கலாம். தினமும் சாவதில்லைதான். ஆனால் ஒருவர் செத்தால் ஒரு வாரம் வாசிக்க வேண்டும். கடலுக்கு அந்தப்பக்கம் பெரிய தீவில் செத்த பெலோக்காரர், டொராண்டோவில் செத்தவர், கியூரசாவ் எண்ணெய் ஆலைக்குப் போய் அங்கேயே தங்கிச் செத்தவர், எல்லோருக்கும் வாசிப்பு இங்கேதான். அதுவும் இல்லாவிட்டால் வருஷ நினைவு இருக்கிறது. டெல்சி சும்மா உட்கார்ந்த நாள் கிடையாது.

வாசிப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் ஞானஸ்நானப் பெயர். ‘ஹியூபர்ட் அலெக்சாண்டர் ஸ்நாக் காலமானார்’ என்றால் தீவில் ஒரு தலைகூடத் திரும்பாது. அப்படி ஒருவர் இருந்ததே யாருக்கும் தெரியாது. அடுத்த மூச்சில் ‘உப்புக்கால் என்றால் எல்லோருக்கும் தெரியும்’ என்று டெல்சி சேர்ப்பாள். சந்தையே தலையில் கைவைத்துக்கொள்ளும். “ஐயையோ, உப்புக்காலா? முந்தாநாள்தானே என்கிட்ட வந்து சுறா வாங்கினான்!”

வில்லங்கம் அதற்குப் பிறகுதான். செத்தவர் துயரத்தில் விட்டுச்சென்றவர்களின் பட்டியல். மனைவி, பிள்ளைகள், வெளியில் பெற்ற பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள், ஞானப்பிள்ளைகள், பக்கத்து வீட்டார், டொமினோக் கூட்டாளிகள். யார் முன்னால், யார் பின்னால், எந்த அம்மாளை ‘நெருங்கிய தோழி’ என்று வாசிப்பது என்று குடும்பங்கள் சவப்பெட்டியை மறந்துவிட்டு அடித்துக்கொள்ளும். பட்டியலின் கடைசியில் ‘மற்றும் பெயர் சொல்லி மாளாத உறவினரும் நண்பர்களும்’ என்று ஒரு வரி வரும். அந்த வரிக்குள் தள்ளப்படுவதைவிடப் பெரிய அவமானம் பெலோவில் இல்லை. ஒருமுறை ஒரு சித்தப்பாவை அதற்குள் தள்ளியதற்கு, அந்தக் குடும்பத்தின் இரண்டு கிளைகள் பதினோரு வருஷம் ஒரே கோயிலில் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்தன.

இப்படி இருபத்திரண்டு வருஷமாக வாசித்ததில் ஐம்பத்து மூன்று வயது டெல்சிக்கே ஒரு பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. சாவு டெல்சி. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. சந்தையில் சீமைப்பலா வாங்கப் போனால், “டெல்சி, எனக்கு வாசிக்கறப்ப பூசணின்னு சொல்லிடாத. அழகி வைலட்னு சொல்லு” என்று அறுபது வயதுக்காரிகள் காதைக் கடிப்பார்கள். “அழகின்னா யாருன்னு தெரியாம போயிடுமே, வைலட் அக்கா” என்று டெல்சி சொல்ல, கூட இரண்டு காய் விழும். டொராண்டோவில் இருக்கும் மகள் வாரம் தவறாமல் தொலைபேசியில் கூப்பிடுவாள். “போதும்மா, இங்க வந்துடு.” டெல்சியின் பதிலும் வாரம் தவறாமல் அதேதான். “வந்தா இங்க சாகறவங்களை யாருடி வாசிப்பா?”

டெல்சிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மாலை ஆறு மணிச் செய்தி. செய்தி சேகரிப்பது, எழுதுவது, வாசிப்பது, மழைநாளில் கூரை ஒழுகினால் வாளி வைப்பது, எல்லாம் அவள்தான். மரண அறிவிப்பில் ராணி, செய்தியில் அனாதை என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

ஏனென்றால், அவ்வளவு சின்னத் தீவில் செய்தி என்று ஒன்று தனியாகக் கிடையாது. நடந்தது நடந்த அரைமணியில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரிந்ததை ரேடியோவில் சொல்லத்தான் ஆள் கிடையாது. தீவில் மூன்றில் ஒருவருக்குச் சம்பளம் அரசாங்கத்திலிருந்து வருகிறது. மற்ற இருவரும் அவருக்குச் சொந்தக்காரர்கள். யாரைக் கேட்டாலும் மடை திறந்ததுபோலப் பேசுவார்கள். பேசி முடித்ததும், “என் பேரு வேணாம்” என்பார்கள். ரேடியோ முதலாளி மிஸ்டர் அம்புரோஸோ, முன்பொரு முறை பெயர் தெரியாதவர் பேச்சை நம்பி நீதிமன்றத்தில் சூடு பட்டவர். கீழே இரும்புச்சாமான் கடையும் மேலே ரேடியோவும் வைத்திருந்த அவர், ஒலிபரப்பு அறைக் கதவில் தன் கையாலேயே பெயின்டில் எழுதியிருந்தார்: ‘பெயர் இல்லையா, செய்தி இல்லை.’

ஒரு தடவை டெல்சி தந்திரம் செய்து பார்த்தாள். ஒரு மீனவர் பேசியதைப் பதிவுசெய்து, குரலைக் கட்டையாக்கி, ‘பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்’ என்று போட்டாள். அவர் இரண்டாவது வாக்கியத்தில் மூக்கை உறிஞ்சினார். அவ்வளவுதான். செய்தி முடிவதற்குள் அவர் வீட்டு வாசலில் நாலு பேர் நின்று, “பிரமாதமாப் பேசினப்பா” என்று கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மனுஷர் இன்றுவரை டெல்சியைப் பார்த்தால் தெருவின் அந்தப்பக்கம் போகிறார்.

இந்த நிலைமையில்தான் படகு விஷயம் வந்தது.

பெலோவில் ஒரு சிறிய சுகாதார நிலையம்தான். அறுவை, பிரசவத்தில் சிக்கல், நெஞ்சுவலி என்றால் ஒன்றரை மணி நேரம் கடல் தாண்டிப் பெரிய தீவு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கூட்டிப்போக ஓர் ஆம்புலன்ஸ் படகு. பழைய மருத்துவச்சி ஒருத்தியின் நினைவாக அதன் பெயர் மிஸ் யூலாலி. இன்ஜின் கிளம்பும்போது நாலு தடவை இருமும் என்பதால் ஊரில் அதற்கு இருமல்காரி என்றுதான் பெயர். பிப்ரவரி மூன்றாம் தேதி இருமல்காரி கடைசியாக இருமினாள். இன்ஜினைக் கழற்றிப் பழுதுபார்க்கப் பெரிய தீவுக்கு அனுப்பினார்கள். அது போனது போனதுதான். படகு மணலில் சாய்ந்து கிடந்தது.

மார்ச்சில் ரோசெட் என்ற பெண்ணுக்கு வலி எடுத்து, மீன்பிடிப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பாதிக் கடலில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில், பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நலம். பையனுக்கு ஞானஸ்நானப் பெயர் வைப்பதற்கு முன்பே பட்டப்பெயர் வைத்தாயிற்று: பாதிவழி.

மே மாதம் ஒருநாள் டெல்சி இரத்த அழுத்தம் பார்க்கச் சுகாதார நிலையத்துக்குப் போனாள். நர்ஸ் பர்னெல் அவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டே, கதவைப் பார்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, நாலு மாசத்துல பதினோரு பேரை மீன் படகுல அனுப்பிட்டேன். அஞ்சு கடுதாசி எழுதிட்டேன் மந்திரி ஆபீசுக்கு. ஒரு பதிலும் இல்ல. ஜூன்ல மூணு பிரசவம் இருக்கு. ஒண்ணு இரட்டை. அதுல ஒரு பையன் குறுக்கால கிடக்கான். அதைக் கண்டிப்பா இங்க வச்சுப் பாக்க முடியாது.”

“ரேடியோவுல சொல்லேன் நர்ஸம்மா. ஒரே ஒரு நிமிஷம்.”

“என் பேரு வந்துச்சுன்னா என்னை வேற தீவுக்குத் தூக்கிப் போட்டுருவாங்க. இந்த மூணு பேரையும் யாரு பாப்பா?” நர்ஸ் பட்டையை அவிழ்த்தாள். “நூத்தி எழுவது. சாவு அறிவிப்பை வாசிக்கறவங்க அதுல சேந்துடாதீங்க. உப்பைக் குறைங்க.”

டெல்சிக்கு உப்பு ஞாபகத்தில் நிற்கவில்லை. குறுக்கே கிடந்த பையன் நின்றான். இந்தப் பிள்ளைகள் பிறப்பதற்குள் படகு ஓட வேண்டும். அதற்கு ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு பெயர், ஒலிவாங்கிமுன் வந்து ‘படகு ஓடவில்லை’ என்று சொல்ல வேண்டும். அன்றைக்கே தேட ஆரம்பித்தாள்.

பத்தொன்பது வருஷம் படகை ஓட்டிய கேப்டன் ஹெஸ்கித் கையை விரித்தார். “பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு டெல்சி.” ரோசெட் பாதிவழியைத் தோளில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினாள். “அவருக்கு ரோடு வேலை அரசாங்கத்துலதானே, அத்தை.” குடலிறக்கத்துக்கு ஐஸ் பெட்டிமேல் படுத்துக்கொண்டு போன கத்பர்ட் மாமா ஒரு மணி நேரம் வசைபாடிவிட்டு, “ஆனா நான் சொன்னேன்னு சொல்லாத. மருமக தபால் ஆபீசுல இருக்கா” என்று முடித்தார்.

சுகாதார மந்திரி கார்ல்டனோ டெல்சியின் சித்தி மகன். சின்ன வயதில் அவள்தான் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டவள். அவனைக் கூப்பிட்டால் உதவியாளர்தான் எடுத்தார். அடுத்த நாள் அமைச்சகத்திலிருந்து கட்டண அறிவிப்பாக ஒன்று வந்தது. கட்டண அறிவிப்பை வாசித்தே தீர வேண்டும். ரேடியோவின் மின்கட்டணமே அந்தப் பணத்தில்தான். ‘மிஸ் யூலாலி ஆம்புலன்ஸ் படகு சீரான சேவையில் உள்ளது என்பதை அமைச்சகம் மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறது’ என்று டெல்சி தன் வாயாலேயே வாசித்தாள். வாசித்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது சந்தையில் வைலட் கூப்பிட்டாள்.

“ஏன் டெல்சி, சீரா ஓடுதாமே, எங்க ஓடுது? சொன்னா நானும் ஒரு ரவுண்டு போயிட்டு வருவேன்.”

சந்தை முழுக்கச் சிரித்தது. டெல்சியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு பொய்யை வாசித்தது அதுதான் முதல் தடவை. செத்தவர்கள் விஷயத்தில் யாரும் பொய் சொல்வதில்லை.

நாலு நாள் கழித்து, மதிய வாசிப்பு முடிந்த கையோடு, கத்பர்ட் மாமா மாடிப்படி அதிர ஏறி வந்தார். கையில் குடை. வெயில் காலத்தில் அவர் குடை எடுப்பது அடிக்கத்தான்.

“என் ஒண்ணுவிட்ட மச்சான் செத்திருக்கான். நாப்பத்தேழு பேரு வாசிச்ச. எண்ணிக்கிட்டுதான் இருந்தேன். என் பேரு எங்க?”

“குடும்பம் எழுதிக் குடுத்த லிஸ்டு மாமா. அதுல இல்ல.”

“இல்லன்னா? நான் யாரு? பேரு சொல்லி மாளாதவனா? அவனை முதன்முதலா ரம் கடைக்குக் கூட்டிட்டுப் போனதே நான்!” குடையால் மேசையில் ஒரு போடு போட்டார். “என் பேரைப் போடு! ரேடியோவுல, எல்லாரும் கேக்கற மாதிரி, கத்பர்ட் ஓலிவர் மெக்லீஷ்னு, முழுசாப் போடு!”

டெல்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன வாரம் தன் பெயரை மட்டும் வெளியே விட்டுவிடாதே என்று கையைப் பிடித்துக் கெஞ்சிய அதே மனுஷர்.

“என்னடி முழிக்கற?”

“ஒண்ணும் இல்ல மாமா. உக்காருங்க. எழுதிக்கறேன்.” அவள் முகத்தில் ஒரு சிரிப்பு ஏறிக்கொண்டிருந்தது. கத்பர்ட் மாமா பயந்துபோய்க் குடையைக் கீழே வைத்தார்.

அவர் போனதும் ஒரு தாளை எடுத்து எழுதினாள். எழுதியதைக் கீழே கடைக்கு எடுத்துப்போய் முதலாளியிடம் கொடுத்தாள். மிஸ்டர் அம்புரோஸ் ஆணி எடை போடுவதை நிறுத்திவிட்டுப் படித்தார். ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

“பேர் இல்லாம போடக் கூடாதுன்னு தெரியும்ல?”

“பேர் இருக்கே முதலாளி. என் பேரு.”

“அரசாங்க விளம்பரம் நின்னுடும்.”

“நிக்கலாம்.”

அவர் தாடையைத் தடவினார். அவர் பேத்தி பிறந்ததும் பெரிய தீவு ஆஸ்பத்திரியில்தான், கூட்டிப்போனது இருமல்காரிதான். “மரண அறிவிப்புக்கு நான் வச்ச விதி ஒண்ணு உண்டு. செத்தது உறுதியாத் தெரியணும். தொண்ணூத்தி எட்டுல உயிரோட இருந்தவரை வாசிச்சு, அவரே வந்து திட்டினாரு. நீ உறுதியாப் பாத்தியா?”

“வாங்க, பாக்கலாம்.”

கடையைச் சாத்திவிட்டு இருவரும் கடற்கரைக்குப் போனார்கள். மிஸ்டர் அம்புரோஸ் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ந்து கிடந்த படகுக்குள் ஏறினார். இன்ஜின் இருந்த இடத்தில் ஒரு குழியும் அதில் மழைத்தண்ணீரும் இருந்தன. நோயாளி படுக்கும் பலகைமேல் ஒரு பழுப்புக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும், ‘இது என் வீடு’ என்பதுபோலக் கொக்கரித்தது. அவர் தொப்பியைக் கழற்றினார்.

“செத்துருச்சும்மா. வாசி.”

மறுநாள் பன்னிரண்டரைக்கு, வழக்கமான பியானோ இசை முடிந்ததும், டெல்சி வழக்கமான குரலில் வாசித்தாள்.

“ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறோம். பெலோ துறையைச் சேர்ந்த மிஸ் யூலாலி, இருமல்காரி என்றால் எல்லோருக்கும் தெரியும், தமது பத்தொன்பதாம் வயதில், பிப்ரவரி மூன்றாம் தேதி, நீண்டநாள் இருமலுக்குப் பின் காலமானார். அவருடைய இருதயம் சிகிச்சைக்காகப் பெரிய தீவுக்குக் கொண்டுபோகப்பட்டு இன்றுவரை திரும்பவில்லை. அவர் துயரத்தில் விட்டுச்சென்றவர்கள்: பித்தப்பைக் கல்லோடு அவரிடம் ஏறி, கல் இல்லாமல் திரும்பிய டெல்சி குவாஷி, தற்போது அவருடைய இல்லத்தில் குடியிருக்கும் பழுப்புக் கோழி, மற்றும் பெயர் சொல்லி மாளாத உறவினரும் நண்பர்களும். அடக்கத் தேதி பின்னர் அறிவிக்கப்படும். ஏனெனில் அவர் உயிரோடு இருப்பதாகச் சுகாதார அமைச்சகம் சொல்கிறது.”

தீவு ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. பிறகு சந்தைப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி மாடி ஜன்னல்வரைக்கும் வந்தது. டெல்சி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். சிரித்துவிட்டுப் போய்விட்டால் தோற்றாள்.

தொலைபேசி அடித்தது. கத்பர்ட் மாமா.

“கோழியை வாசிக்கற! குடலைக் கையில பிடிச்சுக்கிட்டு அந்தப் படகுக்காகக் கரையில காத்திருந்தவன் நான். என் பேரு எங்கடி?”

“சொல்லுங்க மாமா, எழுதிக்கறேன். முழுப்பேரு. அப்புறம், உங்களுக்கும் அவளுக்கும் என்ன உறவு? அதையும் சேத்துதான் வாசிப்பேன்.”

மருமகளின் தபால் ஆபீஸ் அவர் மனதில் வந்துபோயிருக்கும். கோழியும் வந்துபோயிருக்கும். கோழி ஜெயித்தது.

“கத்பர்ட் ஓலிவர் மெக்லீஷ். அவ செத்துக் கிடந்ததால ஐஸ் பெட்டிமேல படுத்து ஆஸ்பத்திரிக்குப் போனவன். அப்படியே வாசி.”

அரைமணியில் கேப்டன் ஹெஸ்கித் நேரிலேயே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கண் கலங்கியிருந்தது. “பத்தொன்பது வருஷம் அவளை ஓட்டினவன். புயல்ல, மழையில, கிறிஸ்மஸ் அன்னிக்கு. மத்தவங்க கேட்டா என்ன நினைப்பாங்க? ஹெஸ்கித்தை அவளுக்குச் சொந்தம்னே சேக்கலைன்னு நினைக்க மாட்டாங்க?”

“பென்ஷன், அண்ணே?”

“பென்ஷன் கிடக்கட்டும். கோழிக்கு மேல போடு என் பேரை.”

மாலை மறுவாசிப்பில் பன்னிரண்டு பெயர்கள். அதைக் கேட்டுவிட்டு இன்னும் அறுபது பேர். அடுத்த நாள் மாடிப்படியில் வரிசை நின்றது. ரோசெட் பாதிவழியைத் தூக்கிக்கொண்டு வந்து, “இவனை முதல்ல போடுங்க அத்தை, இவன்தான் நேரடி வாரிசு” என்றாள். வைலட் வந்தாள், டெல்சி எழுதுவதை எட்டிப் பார்த்து, “பூசணின்னே போடு, இல்லன்னா யாருக்குத் தெரியும்?” என்று தானாகவே இறங்கிவந்தாள். டொராண்டோவிலிருந்து மகள் கூப்பிட்டாள். “அம்மா, இங்க பெலோக்காரங்க கூட்டம் போட்டிருக்கோம். பதினேழு பேரு. எழுதிக்கோ.”

ஒவ்வொரு பெயரோடும் ஓர் உறவு. அப்பாவை அவளில் ஏற்றிக் கொண்டுபோனவர். மகளை அவள் இல்லாமல் கொண்டுபோனவர். கால் உடைந்து மூன்று நாள் காத்திருந்தவர். டெல்சி ஒரு சொல்லும் தன்னுடையதாகச் சேர்க்கவில்லை. மூன்றாம் நாள் வாசிப்பு முக்கால்மணி நேரம் ஓடியது. முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். சந்தையில் அன்றைக்கு வெயிலில் மீன் கெட்டுப்போனது. யாரும் குறை சொல்லவில்லை.

நர்ஸ் பர்னெல் மட்டும் வரவில்லை. வர மாட்டாள் என்று டெல்சிக்குத் தெரியும். பட்டியலின் முடிவில் ‘மற்றும்’ என்று சொல்லிவிட்டு டெல்சி ஒவ்வொரு முறையும் ஒரு மூச்சு நின்றாள். பிறகு, “பெயர் சொல்லி மாளாத உறவினரும் நண்பர்களும்” என்று மெதுவாக வாசித்தாள். ஐந்து கடிதங்களைப் பற்றி அவள் எங்கேயும் வாய் திறக்கவில்லை.

அமைச்சகத்து அதிகாரி ஒருவர் கூப்பிட்டார். குரல் கஞ்சி போட்டதுபோல விறைத்திருந்தது. “இன்ஜின் கழட்டின தேதி வரைக்கும் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? யாரு சொன்னது?”

“பேரா சார்? முந்நூத்திப் பன்னண்டு இருக்கு. எதுலேருந்து ஆரம்பிக்கட்டும்?”

அவர் வைத்துவிட்டார். அதே நாள் சாயங்காலம், செய்திக்குப் பத்து நிமிஷம் இருக்கையில், தொலைபேசி மறுபடி அடித்தது. இந்தத் தடவை உதவியாளர் இல்லை.

“அக்கா, கார்ல்டன் பேசறேன். என்ன பண்ணிட்டிருக்க நீ?”

“வாசிச்சிட்டிருக்கேன் தம்பி.”

“என்னைக் கேலி பண்ணிட்டிருக்க. ஊரே சிரிக்குது. நாடே சிரிக்குது.” மூச்சு வாங்கினான். பிறகு குரல் இறங்கியது. இறங்கியதும் அது மந்திரியின் குரலாக இல்லை. “அம்மா பேரு வந்துச்சு.”

“செலஸ்தின் சித்தி நேத்தே குடுத்துட்டாங்க. சர்க்கரை ஏறினப்போ ரெண்டு தடவை அதுலதான் போனாங்களாம்.”

“தங்கச்சி பேரு வந்துச்சு. அவ புருஷன் பேரு வந்துச்சு. அந்த ஆளு பெலோக்காரனே இல்ல. அம்மா என்கிட்ட போன்ல அழறாங்க. எல்லார் வீட்டுப் பிள்ளையும் வந்தாச்சு, என் பிள்ளை பேரை மட்டும் காணோம், நீ இந்தத் தீவுல பொறந்தவன்தானான்னு கேக்கறாங்க.”

டெல்சிக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பொத்தான் போட்டுவிட்ட பையன். “உன் பேரைப் போட எனக்கென்னடா? ஆனா உயிரோட இருக்கறவளுக்கு யாரும் துக்கம் காக்க முடியாது. படகு செத்துடுச்சுன்னு நீ சொல்லணும். சொல்லிட்டா போட்டுடறேன்.”

கம்பியில் கடல் இரைவதுபோல ஒரு சத்தம்.

“செத்துடுச்சுக்கா,” என்றான் கார்ல்டன். “பிப்ரவரிலேருந்தே. இன்ஜினுக்கு ஒதுக்கின காசு வேற பக்கம் போயிடுச்சு. நான் சரியாப் பாக்கல.”

“இது பதிவாகுது தம்பி. உன் பேரோட போடலாமா?”

“போடு. அம்மா பேருக்கு அடுத்தாப்ல போடு.”

அவள் திரும்பியபோது மிஸ்டர் அம்புரோஸ் கதவருகே நின்றுகொண்டிருந்தார், தான் எழுதிய பெயின்ட் எழுத்துகளுக்குப் பக்கத்தில். அவர் ஆறு மணிச் செய்திக்கான தாளை எடுத்து அவள்முன் வைத்தார். அன்று பெலோ தீவு ஆறு மணிக்கும் அடங்கியது. ‘ஆம்புலன்ஸ் படகு நான்கு மாதமாக இயங்கவில்லை என்று சுகாதார மந்திரி ஒப்புக்கொண்டார்’ என்று டெல்சி வாசித்தபோது அவள் குரல் கொஞ்சம் தடுமாறியது. செத்தவர்களை வாசிக்கும்போது ஒருநாளும் தடுமாறியதில்லை.

இரண்டு மாதம் அரசாங்க விளம்பரம் வரவில்லை. மிஸ்டர் அம்புரோஸ் கீழே ஆணி விற்று மேலே மின்கட்டணம் கட்டினார். ஆனால் ஜூன் இரண்டாம் வாரம் சரக்குப் படகில் புது இன்ஜின் வந்தது. கோழியைக் கூடையில் வைத்து இறக்கினார்கள். அது ஊரைக் கூட்டியது. கேப்டன் ஹெஸ்கித் சாவியைத் திருகினார். புது இன்ஜின், ஆனாலும் நாலு தடவை இருமியது. கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

செத்ததாக வாசித்த ஒன்று உயிர்த்தெழுந்தால் எப்படி வாசிப்பது என்று டெல்சிக்கு முறை தெரியவில்லை. ‘முன்னர் வாசித்த மரணம் ரத்து செய்யப்படுகிறது’ என்று மட்டும் வாசித்தாள். உடனே கத்பர்ட் மாமா குடையோடு வந்துவிட்டார். “துக்கத்துக்கு மட்டும் என் பேரு, சந்தோஷத்துக்கு இல்லையா?” முந்நூற்றுப் பதின்மூன்று பெயர்களையும் அவள் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டியதாயிற்று.

ஜூன் இருபத்தோராம் தேதி காலை இருமல்காரி வயிற்றில் இரட்டையோடு இருந்த கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. கூடவே நர்ஸ் பர்னெல் போனாள். மூன்றாம் நாள் படகு திரும்பியபோது இரண்டு பையன்கள் துணியில் சுற்றப்பட்டு இருந்தார்கள். குறுக்கே கிடந்தவன்தான் அதிகமாக அழுதான்.

அடுத்த நாள் டெல்சி வேலைக்கு வந்தபோது ஒலிவாங்கிக்கு அருகில் ஒரு காகிதப்பை இருந்தது. உள்ளே பழுப்பு நிறத்தில் ஆறு முட்டைகள். கூட ஒரு துண்டுச்சீட்டு: ‘உப்பைக் குறைங்க.’

டெல்சி பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யார் வைத்தது என்று எழுதியிருக்கவில்லை.